எடை, நம்பிக்கை, தோற்றம், மோப்பம்

(மொழி மாணவர்களும் ஆர்வலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய மாணவருக்கு முதல் சில மாதங்களிலேயே ஒரு சொற்றொடரைக் கொடுத்துவிடுகிறோம்: ‘ழ பான்ஸ் க’. ‘என்று நினைக்கிறேன்’ என்று பொருள் சொல்கிறோம். ஸ்பானிய வகுப்பில் அதே இடத்தில் ‘க்ரேயோ கே’, இத்தாலிய வகுப்பில் ‘பென்ஸோ கே’, போர்த்துகீசியத்தில் ‘அஷு கெ’, ருமேனியத்தில் ‘க்ரெத் கெ’. ஐந்துக்கும் குறிப்பேட்டில் ஒரே தமிழ் விளக்கம்தான் எழுதப்படுகிறது. கருத்துக் கேட்கும் தேர்வுக் கேள்வி எதுவானாலும் மாணவர் அதை முன்னால் ஒட்டி விடை எழுதுகிறார், மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்.

அந்த ஐந்தையும் சற்று உரித்துப் பார்த்தால், ஒன்று தராசில் நிறுக்கிறது, ஒன்று கையிலிருப்பதை ஒப்படைக்கிறது, ஒன்று மோப்பம் பிடிக்கிறது. இவற்றோடு ‘எனக்குத் தோன்றுகிறது’ என்ற வகையும் சேர்ந்துகொள்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்: லத்தீனிலிருந்து கிளைத்த இந்த மொழிகளில், ரோமான்ஸ் மொழிகள் என்று நாம் அழைக்கும் இந்தக் குடும்பத்தில், ஒருவர் கருத்துச் சொல்லப் பயன்படுத்தும் வினைச்சொல், அந்தக் கருத்து அவருக்கு எந்த வழியாக வந்தது என்பதையும் அதற்கு அவர் எவ்வளவு பொறுப்பேற்கிறார் என்பதையும் கேட்பவருக்குச் சொல்லிவிடுகிறது. அதைக் காதில் வாங்காமல் அந்த மொழிகளைப் பேசலாம். ஆனால் அங்கே மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படி உடன்படுகிறார்கள், எப்படி மறுக்கிறார்கள் என்பது பிடிபடாது.

லத்தீனில் கருத்து வினைகளுக்குப் பஞ்சமே இல்லை. புதாரே, கென்சேரே, ஒபினாரி, எக்ஸிஸ்திமாரே, அர்பித்ராரி, கோகிதாரே, கிரெதெரே என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் பல, மகள் மொழிகளில் கருத்து வினையாகப் பிழைக்கவில்லை. ‘புதாரே’யின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் பழைய பொருள் கொடியையும் மரத்தையும் கவாத்து செய்வது. வேண்டாததைக் கழித்துச் சுத்தம் செய்வதிலிருந்து கணக்கைச் சரிபார்ப்பது, கணக்கிடுவது, பிறகு கருதுவது என்று பொருள் விரிந்தது. நம் ‘எண்ணு’ என்ற வினையும் எண்ணிக்கைக்கும் எண்ணத்துக்கும் பொதுவாக இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்காமலே ஒரே வழியில் நடந்திருக்கின்றன. ஆனால் ரோமின் அறிஞர்கள் பயன்படுத்திய ‘கருதுதல்’ என்ற பொருள் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் ‘பொதார்’, இத்தாலியத்தில் ‘பொதாரே’ என்று இன்று வாழ்வது தோட்டக்காரரின் வினைதான். கவாத்து செய்வது என்பது மட்டுமே அதன் பொருள். ‘கொம்’ என்ற முன்னொட்டோடு கூடிய ‘கொம்புதாரே’ எண்ணுவதற்கான வினையாகப் பிழைத்தது. ஸ்பானிய ‘கொந்தார்’ என்றால் எண்ணுவது, கதை சொல்வது இரண்டும்.

‘ஒபினாரி’யின் விதி இன்னும் விந்தையானது. கருத்து என்ற பெயர்ச்சொல்லை, ‘ஒபினியோன்’ என்பதை, ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்குத் தந்த வினை அது. ஸ்பானியத்தில் ‘கே ஒபினாஸ்?’, ‘என்ன கருதுகிறாய்?’ என்று இன்றும் கேட்கிறார்கள். பிரெஞ்சிலோ அதன் வாரிசான ‘ஒபினே’ பெரும்பாலும் தலையாட்டுவதைக் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. சொர்போன் பல்கலைக்கழகத்தின் பழைய அறிஞர்கள் ஒன்றும் பேசாமல் தொப்பியைத் தூக்கியே சம்மதம் தெரிவிப்பார்களாம். ‘தொப்பியால் கருத்துரைத்தல்’ என்ற வழக்கு அப்படி வந்தது என்பார்கள். கருத்தைக் குறித்த சொல், கருத்தே சொல்லாமல் ஆமோதிக்கும் செயலுக்கு வந்து நின்றிருக்கிறது.

பிழைத்தவற்றுக்கு வருவோம். முதலாவது, எடை.

‘பென்சாரே’ என்றால் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்ப்பது. அது மகள் மொழிகளில் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றது. ஒன்று பேச்சுவழக்கில் தேய்ந்து எடைபோடும் வினையானது: பிரெஞ்சில் ‘பஸே’, ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் ‘பெஸார்’, இத்தாலியத்தில் ‘பெஸாரே’. மற்றொன்று ஏட்டு வழக்கின் துணையோடு உருக்குலையாமல் நின்று சிந்திக்கும் வினையானது: ‘பான்ஸே’, ‘பென்ஸார்’, ‘பென்ஸாரே’. நாமும் ‘சீர்தூக்கிப் பார்’ என்கிறோம். 1637இல் தத்துவவாதி தெகார்த் ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்ற தன் புகழ்பெற்ற முடிவைப் பிரெஞ்சில் எழுதியபோது எடுத்த வினை இந்தப் ‘பான்ஸே’தான். சில ஆண்டுகள் கழித்து அதையே லத்தீனில் சொன்னபோது ‘கோகிதாரே’யைப் பயன்படுத்தினார். அந்தக் ‘கோகிதாரே’யின் பேச்சு வாரிசுகள் அதற்குள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டிருந்தன.

அந்தக் குடிபெயர்ச்சியைச் சொல்லியாக வேண்டும். ‘கோகிதாரே’ பழைய ஸ்பானியத்தில் ‘குய்தார்’ என்று ஆகி, கருதுவதைக் குறித்தது. இன்றைய ஸ்பானியத்தில் ‘குய்தார்’ என்றால் பராமரிப்பது, பேணுவது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் நோயாளியைக் கவனிப்பதும் அந்த வினைதான். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பேசப்படும் கலீசிய மொழியில் மட்டும் ‘கொய்து கெ’ என்றால் இன்னும் ‘கருதுகிறேன்’. ஒருவரையே நினைத்துக்கொண்டிருப்பது அவரைப் பேணுவதாக மாறிவிட்டது. பிரெஞ்சிலும் இதே நடந்தது. ‘பான்ஸே’க்கு ஒருவர்மீது கவனம் வைத்தல் என்ற பொருள் இருந்தது, அது காயத்துக்குக் கட்டுப்போடும் பொருளாகி, ஒலிப்பு மாறாமல் எழுத்து மட்டும் மாறித் தனிச்சொல் ஆயிற்று. போர்ச்சுகலில் ‘பென்ஸு’ என்று ஒருவர் சொன்னால் ‘நினைக்கிறேன்’ என்றும் இருக்கலாம், காயத்தில் ஒட்டும் பட்டை என்றும் இருக்கலாம். ருமேனியம் எதிர்த்திசையில் நடந்தது. அங்கே எண்ணத்துக்கான ‘கின்த்’ என்ற சொல் லத்தீனே அல்ல. ஹங்கேரிய மொழியில் கவலை, அக்கறை என்று பொருள்படும் ‘கோந்த்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அக்கறை அங்கே எண்ணமாயிற்று. மொழிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமலே இதைச் செய்திருக்கின்றன. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, நம்பிக்கை. ‘கிரெதெரே’ என்ற லத்தீன் வினைக்கு நம்புவது என்றும், பொருளை நம்பி ஒப்படைப்பது, கடன் கொடுப்பது என்றும் பொருள். வங்கி தரும் கிரெடிட் அதிலிருந்து வந்தது. சமஸ்கிருதச் ‘ச்ரத்தா’ இதன் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து கிளைத்தவை. அந்தச் சமஸ்கிருதச் சொல் தமிழில் ‘சிரத்தை’ ஆகி, இப்போது நமக்குக் கவனமும் அக்கறையுமாகப் பொருள் தருகிறது. மறுபடியும் அக்கறை! பழைய அறிஞர்கள் அந்த மூலத்தை ‘இதயத்தை வைத்தல்’ என்று விளக்கினார்கள். பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த், 1969இல் வெளியான இந்தோ-ஐரோப்பிய நிறுவனங்களின் சொற்களைப் பற்றிய நூலில், அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஒருவர் மற்றொருவரிடம், குறிப்பாகத் தெய்வத்திடம், திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியோடு ஒப்படைக்கும் ஏதோ ஒரு பிணை அதில் இருக்கிறது என்று வாதிட்டார். கடனும் நம்பிக்கையும் ஒரே வினையில் ஏன் குடியிருக்கின்றன என்பதற்கு இது பொருத்தமான விளக்கம் என்பது என் கணிப்பு.

கத்தோலிக்கத் திருப்பலியில் விசுவாச அறிக்கையின் முதற்சொல் ‘க்ரெதோ’. அதே சொல்தான் இத்தாலியத் தெருவில் கடை திறந்திருக்கிறதா என்று கேட்டால் ‘க்ரேதோ தி ஸி’, ‘திறந்திருக்கும்னு நினைக்கிறேன்’ என்று வருகிறது. உயிரையே கொடுக்கத் தயாரான நம்பிக்கைக்கும் கடைக் கதவைப் பற்றிய ஊகத்துக்கும் ஒரே வினை! இரண்டையும் பிரிப்பது அடுத்து வரும் சின்னச் சொல். ஸ்பானியத்தில் ‘க்ரேயோ என்’ என்று வந்தால் அது விசுவாசம். ஒரு தெய்வத்தின்மீதோ மனிதர்மீதோ முழு எடையையும் சாய்ப்பது. ‘க்ரேயோ கே’ என்று வந்தால் அடுத்து வரும் கூற்றுக்குப் பாதிப் பொறுப்பு மட்டுமே ஏற்பது. பென்வெனிஸ்த் 1958இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தெளிவாக்கினார். வானிலை மாறும் என்று நம்புகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் தன் மனத்துக்குள் நடக்கும் நம்புதல் என்ற செயலை விவரிக்கவில்லை. வானிலை மாறும் என்பதே செய்தி. முன்னால் வரும் வினை, அந்தச் செய்திக்குத் தான் எங்கே நிற்கிறேன் என்று காட்டும் குறி. அதே வினையைப் படர்க்கையில் வைத்து ‘அவர் நம்புகிறார்’ என்றால் அது வெறும் விவரணை ஆகிவிடுகிறது. தன்மை ஒருமையில் மட்டும்தான் அது செயல்படுகிறது.

ஆகவேதான் இந்த வினைகள் வாக்கியத்தின் தலைமாட்டை விட்டு இறங்கி வாலுக்கும் போகின்றன. ‘அவர் போய்விட்டார், நினைக்கிறேன்’ என்பது போல இத்தாலியர் ‘க்ரேதோ’ என்றும், பிரெஞ்சுக்காரர் ‘ழ க்ருவா’ என்றும், போர்த்துகீசியர் எழுவாயைப் பின்னே தள்ளி ‘அஷு எவ்’ என்றும் கடைசியில் சேர்க்கிறார்கள்.

மூன்றாவது, தோற்றம். இங்கே பேசுபவர் எழுவாயாக இருப்பதில்லை. நான்காம் வேற்றுமைக்கு இறங்கிவிடுகிறார். இத்தாலியத்தில் ‘மி பாரே’, ‘மி செம்ப்ரா’. ஸ்பானியத்தில் ‘மெ பரேஸே’. பிரெஞ்சில் ‘இல் ம சாம்ப்ல்’. ருமேனியத்தில் ‘மி ஸெ பாரெ’. நமக்கு இது புதிதே அல்ல. ‘எனக்குத் தோன்றுகிறது’, ‘எனக்குத் தோணுது’ என்பதன் அமைப்பு அப்படியே இங்கே இருக்கிறது. ஆங்கிலம் வழியாக இந்த மொழிகளைக் கற்கும் தமிழ் மாணவர்கள் இந்த அமைப்பில் தடுமாறுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தாய்மொழி வழியாகக் கற்றிருந்தால் அது முதல் நாளே பிடிபட்டிருக்கும். நம் கரைக்குப் போர்த்துகீசியர் வந்து சாவியும் சன்னலும் மேசையும் அலமாரியும் தந்துவிட்டுப் போனார்கள். கருத்து வினை எதையும் தரவில்லை. தேவையும் இருந்திருக்காது, ‘தோன்று’ நம்மிடமே இருந்தது.

இந்தத் தோற்ற வினைகளின் பெயர்ச்சொற்கள் அரசு அலுவலகங்களுக்குள் நுழைந்த விதம் கவனிக்கத்தக்கது. இத்தாலியத்தில் ‘பரேரே’ என்பது தோன்றுவது; அதுவே பெயராகி மருத்துவரோ வழக்கறிஞரோ தரும் நிபுணர் கருத்து ஆகிறது. போர்த்துகீசிய ‘பரெஸேர்’ அப்படியே. ருமேனியத்தில் ‘பெரெரெ’ என்பதே கருத்துக்கான அன்றாடச் சொல். பிரெஞ்சு ‘அவி’யும் இதே வயிற்றில் பிறந்ததுதான்: ‘எனக்குக் காணப்பட்டது’ என்ற லத்தீன் வழக்கு பழைய பிரெஞ்சில் ‘மெத் அவி’ என்ற வடிவம் கொண்டு, அதிலிருந்து ‘அவி’ தனியே உதிர்ந்தது. பிரான்சின் கொன்ஸேய் தெத்தா, அதாவது அரசு ஆலோசனை மன்றம், சட்ட மசோதாக்கள் பற்றி அரசுக்குத் தருவது ‘அவி’. இத்தாலியில் அதற்கு நிகரான மன்றம் தருவது ‘பரேரே’. ஆலோசனை சொல்லும் இடத்தில், தீர்ப்பு சொல்லாத இடத்தில், தோற்றத்தின் சொல் உட்கார்ந்திருக்கிறது.

தீர்ப்புக்கு வேறு சொல் இருக்கிறது. அது நான்காவது குடும்பமான மோப்பத்தைச் சேர்ந்தது.

‘அஃப்லாரே’ என்றால் லத்தீனில் எதன்மீதேனும் மூச்சு விடுவது, ஊதுவது. வேட்டை நாய் இரையின் வாடையை மூக்கால் பிடிப்பதிலிருந்து அது ‘கண்டுபிடித்தல்’ ஆனது என்பது சொற்பிறப்பியலார் பலர் தரும் விளக்கம். ருமேனியத்தில் ‘அஃப்லா’ என்றால் தெரிந்துகொள்வது. ஸ்பானியத்தில் ‘அயார்’ என்றால் கண்டெடுப்பது. போர்த்துகீசியத்தில் ‘அஷார்’ கண்டெடுப்பதோடு நிற்காமல், நாட்டின் மிகச் சாதாரணமான கருத்து வினையாகிவிட்டது. லிஸ்பனிலும் சாவோ பாவுலோவிலும் ஒரு மணி நேரம் நின்று காது கொடுத்தால் ‘அஷு கெ’ கேட்காமல் இருக்க முடியாது. பிரேசிலியப் பேச்சில் அது தேய்ந்து தேய்ந்து ‘ஒருவேளை’ என்ற அளவுக்கு இலேசாகிக்கொண்டிருக்கிறது. அதே லத்தீன் வினையின் இன்னொரு வடிவம், ஸ்பானியத்தில் முன்னெழுத்து மாறாமல் தங்கிய ‘ஃபல்யார்’, நீதிமன்றத்துக்குள் போனது. ஸ்பானிய நீதிபதி வழங்கும் தீர்ப்பு ‘ஃபல்யோ’. எல்லைக்கு ஒரு பக்கம் தேநீர் நேரத்து அபிப்பிராயம், மறுபக்கம் மேல்முறையீட்டில்தான் மாற்றக்கூடிய தீர்ப்பு. மூலமோ ஒரே மூச்சு.

கண்டெடுக்கும் வினைகள் மற்ற மொழிகளிலும் கருத்துச் சொல்கின்றன. பிரெஞ்சில் ‘ழ த்ரூவ் க’, கத்தலானில் ‘த்ரோபு கெ’, சிலி நாட்டு ஸ்பானியத்தில் ‘என்குவென்த்ரோ கே’. இவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு. திரைப்படத்தைப் பார்க்காமலே, விளம்பரத்தை வைத்து, ‘நல்லாத்தான் இருக்கும்’ என்று ஊகிக்கும் பிரெஞ்சுக்காரர் ‘ழ க்ருவா’ என்பார், ‘ழ பான்ஸ்’ என்பார். ‘ழ த்ரூவ்’ என்று சொல்ல மாட்டார். சொன்னால் கேட்பவர் ‘எப்போது பார்த்தீர்கள்?’ என்று கேட்டுவிடுவார். கண்டெடுத்ததாகச் சொல்ல வேண்டுமென்றால் நேரில் போயிருக்க வேண்டும், சுவைத்திருக்க வேண்டும், தொட்டிருக்க வேண்டும். மொழியியலாளர் ஒஸ்வால்த் துக்ரோ 1970களில் இந்த ஒரே சொற்றொடரைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். பேசுபவர் பொருளை நேரில் அறிந்திருக்கிறார், தானே மதிப்பிடுகிறார் என்ற இரண்டையும் அந்த வினை தன்னோடு சுமந்து வருகிறது என்பது அவர் காட்டியது. ரயில் ஐந்து மணிக்கு வரும் என்பதற்கும் ‘ழ த்ரூவ்’ பொருந்தாது. மதிப்பீட்டுக்கு அதில் இடமில்லை. ஒரு வினையின் தேர்விலேயே ‘நான் பார்த்தேன்’ என்ற சாட்சியம் அடங்கியிருப்பதை மாணவர்களுக்குச் சொல்லித்தராமல் விடுவது, எனக்கு மனம் ஒப்பாத விஷயம். கேட்ட கதைக்கும் கண்ட காட்சிக்கும் வேறுபாடு அருகிவரும் காலத்தில் இருக்கிறோம்.

இனி வினைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மொழிகளில் ஒரே வினைக்கு இரண்டு வகை உருவங்கள் உண்டு. ஒன்று, உள்ளதை உள்ளபடி நாட்டுவது. மற்றொன்று, இன்னும் உறுதியாகாததை, மனத்தளவில் மட்டும் நிற்பதைச் சொல்வது. பள்ளி இலக்கணங்களில் இண்டிகேட்டிவ், சப்ஜங்டிவ் என்று படித்திருப்பீர்கள். உறுதி வடிவம், எண்ண வடிவம் என்று இன்று வைத்துக்கொள்வோம்.

ஸ்பானியர் ‘அது உண்மை என்று நம்புகிறேன்’ என்றால் ‘க்ரேயோ கே எஸ் வெர்தாத்’. ‘எஸ்’ உறுதி வடிவம். நம்பவில்லை என்றால் ‘நோ க்ரேயோ கே ஸேயா வெர்தாத்’. ‘ஸேயா’ எண்ண வடிவம். நம்பும்போது கூற்றை அவர் நாட்டுகிறார்; மறுக்கும்போது நாட்ட மறுக்கிறார், ஆகவே உள்வினை உருமாறுகிறது. பிரெஞ்சும் போர்த்துகீசியமும் இதே வழி: பிரெஞ்சில் ‘ஸே வ்ரே’ என்பது மறுப்பில் ‘ஸ ஸுவா வ்ரே’ ஆகிறது; போர்த்துகீசியத்தில் ‘எ’ என்பது ‘ஸெஜ’ ஆகிறது. இத்தாலியர் தனி வழி போகிறார். அவர் நம்பும்போதே ‘க்ரேதோ கே ஸீயா வேரோ’ என்று எண்ண வடிவத்தை எடுத்துவிடுகிறார். ‘தெரியும்’ என்ற வினைக்குப் பிறகுதான் உறுதி வடிவம். அறிவுக்கும் கருத்துக்கும் நடுவே இத்தாலிய இலக்கணம் கோடு கிழித்திருக்கிறது. நம்புகிறேன் என்றாலே அந்தக் கோட்டுக்கு இப்பால் வந்துவிட்டீர்கள். ருமேனியம் மறுகோடியில் நிற்கிறது. ‘க்ரெத் கெ’ என்றாலும், ‘நு க்ரெத் கெ’ என்று மறுத்தாலும், பின்வரும் வினை உறுதி வடிவத்திலேயே இருக்கும். வேறு இணைப்புச் சொல்லோடு எண்ண வடிவம் வரும் மாற்றுவழியும் உண்டு. ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே வினையை வைத்துக்கொண்டு, கருத்துக்கு எவ்வளவு உறுதி தகும் என்ற கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

இத்தாலியப் பேச்சில் அந்தக் கோடு தேய்ந்து வருகிறது. ‘பென்ஸோ கே எ’ என்று உறுதி வடிவத்தோடு சொல்வது தெருவில் தாராளமாகக் கேட்கும். கேட்டவுடன் திருத்துவோரும் தாராளம். எண்ண வடிவத்தில் தடுக்கி விழுவது அங்கே ஒரு தேசிய விவகாரம். 1975இல் வந்த ‘ஃபந்தோத்ஸி’ திரைப்படத்தில் பவோலோ வில்லாஜ்ஜியோ நடித்த எளிய குமாஸ்தா தப்பும் தவறுமாக அந்த வடிவங்களை உச்சரித்ததை இன்றும் பேசிச் சிரிக்கிறார்கள். 2018இல் சான்ரெமோ இசை விழாவில் லோரென்ஸோ பல்யோனி அந்த இலக்கண வடிவத்தின் பெயரையே தலைப்பாக வைத்துப் பாடினார். ஒரு வினைவடிவத்துக்காக மேடையேறிப் பாடும் சமூகத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. தப்பிக்கும் வழியும் அவர்களிடம் இருக்கிறது: ‘ஸெகோந்தோ மே’, ‘என்னைப் பொறுத்தவரை’ என்று தொடங்கிவிட்டால் துணைவாக்கியமே இல்லை; உறுதி வடிவத்தில் நிம்மதியாகப் பேசலாம். வினை வாலுக்குப் போகும்போதும் அப்படித்தான்.

ஸ்பானியத்தில் இன்னொரு நுட்பம். ‘மெ பரேஸே கே வியெனெஸ்’ என்றால் ‘நீ வருகிறாய் என்று தோன்றுகிறது’, உறுதி வடிவம். நடுவே ‘நன்று’ என்ற சொல்லைச் செருகி ‘மெ பரேஸே பியென் கே வெங்காஸ்’ என்றால் ‘நீ வருவது நல்லதாகப் படுகிறது’, எண்ண வடிவம். முதலாவதில் வருகை ஒரு செய்தி. இரண்டாவதில் வருகை முன்பே பேச்சில் இருக்கிறது, அதை எடைபோடுவதே வேலை. கருத்து என்று நாம் ஒரே பையில் போடும் இரண்டு செயல்களை, ஒரு செய்தியை ஊகிப்பதையும் ஒரு செயலை மதிப்பிடுவதையும், அந்த மொழி வினைவடிவத்தால் பிரித்துவிடுகிறது.

காலமும் பொருளை மாற்றும். பிரெஞ்சில் ‘ழ க்ருவாயே’, ஸ்பானியத்தில் ‘க்ரெயியா’, இத்தாலியத்தில் ‘க்ரெதேவோ’ என்று தொடர் இறந்தகாலத்துக்கு வந்தால், அந்த நம்பிக்கை இடிந்துவிட்டது என்பது பெரும்பாலும் சொல்லாமலே விளங்கும். ‘நீ ஊருக்குப் போயிட்டேன்னு நினைச்சேன்’ என்று நாமும் அப்படித்தான் சொல்கிறோம். இடைக்காலப் பிரெஞ்சில் இதற்கென்றே ‘குய்திய’ என்ற வினை இருந்தது, ‘கோகிதாரே’யின் வாரிசு. எண்ண வடிவத்தோடு வரும்போது, எண்ணியது தவறு என்ற குறிப்பை அது பெரும்பாலும் தாங்கியிருந்தது. அந்த வினை செத்துவிட்டது. ‘ஊத்ரகுய்தான்ஸ்’ என்ற ஒரு பெயரில் மட்டும் அதன் எலும்பு கிடக்கிறது. தன்னைப் பற்றி அளவுக்கு மீறி எண்ணிக்கொள்ளும் செருக்கு என்று பொருள். ஸ்பானியத்தில் செருக்குள்ளவர் ‘க்ரெயீதோ’, தன்னை நம்பிக்கொண்டவர். பிரேசிலில் ‘எலி ஸி அஷ’, அவர் தன்னைத்தானே கண்டெடுத்துக்கொள்கிறார், என்றால் அவருக்குத் தலைக்கனம். மூன்று மொழிகள், மூன்று வெவ்வேறு கருத்து வினைகள். தன்மேலேயே திருப்பியவுடன் மூன்றும் ஒரே குற்றத்தின் பெயர் ஆகின்றன.

இவ்வளவு நேரம் இலக்கணம் பேசியதற்குக் காரணமான மனிதரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மிஷெல் த மோந்தேன், போர்தோ நகரத்து நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். 1588இல் வெளியான அவருடைய கட்டுரைகளின் மூன்றாம் தொகுதியில் முடவர்களைப் பற்றி என்ற தலைப்பில் ஒரு கட்டுரை உண்டு. அதில் அவர் ரோமானியரின் பழைய வழக்கம் ஒன்றை நினைவுபடுத்துகிறார். கண்ணால் கண்ட சாட்சியும், ஐயமற அறிந்த நீதிபதியும்கூட அங்கே ‘இல் ம சாம்ப்ல்’, ‘எனக்குத் தோன்றுகிறது’ என்ற வாய்பாட்டில்தான் பேசினார்களாம். கி.மு. 45இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோவும் தன் தத்துவ உரையாடல் ஒன்றில் இதைச் சொல்லியிருக்கிறார்: உறுதிமொழி ஏற்ற நீதிபதிகள் தாம் விசாரித்து அறிந்ததை ‘நடந்தது’ என்று அறிவிக்காமல் ‘நடந்ததாகத் தோன்றுகிறது’ என்று அறிவிப்பது முன்னோர் வகுத்த முறை என்று. கூற்றின் துணிச்சலைத் தணிக்கும் சொற்கள் தனக்குப் பிடிக்கும் என்கிறார் மோந்தேன். அவர் தரும் சிறு பட்டியலில் ‘ழ பான்ஸ்’ இருக்கிறது. குழந்தைகளைத் தான் வளர்த்திருந்தால் இப்படிப் பதில் சொல்லவே பழக்கியிருப்பேன் என்றும் சேர்க்கிறார்.

அது மென்மையானவரின் மரியாதைப் பேச்சு அல்ல என்பது அடுத்த பக்கங்களில் விளங்கும். 1560இல் தூலூஸ் நீதிமன்றம் தீர்த்த மர்த்தேன் கேர் வழக்கை அவர் எடுக்கிறார். காணாமல் போன விவசாயியின் பெயரில் இன்னொருவர் வந்து, அவர் மனைவியோடு சில ஆண்டுகள் வாழ்ந்த வழக்கு. கீழ் நீதிமன்றத்தில் சுமார் 150 சாட்சிகள் வந்தார்கள். அவர் மர்த்தேன் என்றார்கள் சிலர், ஆள்மாறாட்டக்காரர் என்றார்கள் சிலர், எப்படியும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள் 60க்கும் மேற்பட்டோர். மேல் நீதிமன்றம் முடிவுக்கு வரும் வேளையில் உண்மையான மர்த்தேன் மரக்காலோடு வந்து நின்றார். மற்றவர் தூக்கிலிடப்பட்டார். மோந்தேனுக்கு அந்த உறுதி மிகுதியாகப் பட்டது. இந்த வழக்கு எங்களுக்குப் புரியவில்லை என்று அறிவிக்கும் தீர்ப்பு வாய்பாடு ஒன்று இருக்கக் கூடாதா என்று கேட்டார்.

அங்கிருந்து நேராகச் சூனியக்காரிகள் என்று பிடிக்கப்பட்டவர்களிடம் போகிறார். ஐரோப்பாவின் பல பகுதிகளில் அவர்களை எரித்துக்கொண்டிருந்த பத்தாண்டுகள் அவை; எரித்தவர்களிடம் ஐயம் இல்லை. ஒருவரை உயிரோடு கொளுத்துவதென்றால் தம் ஊகத்துக்கு எவ்வளவு பெரிய விலை வைத்திருக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். ஒரு சிற்றரசரின் ஆட்சிப் பகுதியில், அப்படிச் சிறைப்பட்ட சிலரை, ஒரு மூதாட்டி உட்பட, அவரே நேரில் பார்த்துப் பேசியிருக்கிறார். சான்றுகளையும் ஒப்புதல்களையும் பார்த்திருக்கிறார். அவர்களுக்கு மரண தண்டனையைவிடச் சித்தம் கலங்கியோருக்குத் தரும் மருந்தையே தான் பரிந்துரைத்திருப்பேன் என்று எழுதினார். தன் காலத்து நீதிமன்றங்கள் பலவற்றுக்கு எதிரான அந்தக் கருத்தைச் சொல்லும்போதும், தன் சொல்லைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தான் நினைப்பதை மட்டுமே சொல்வதாகக் கொள்ளுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆனாலும் அதை அச்சிட்டு, தன் பெயரில் வெளியிட்டார்.